நான்காம் நம்பர் பாட்டில்

மாயாபந்தர்
அந்தமான்
11-2-2024

அன்பு மகள் உமாவுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ கேட்டபடி நான்கு கண்ணாடி பாட்டில்களில் கடல் தண்ணீர் பிடித்துவிட்டேன். படகுத்துறை ஜெட்டி, ஓடை வாய், மீன் சந்தைக்குப் பின்புறம். நான்காவது, ஒப்பிட்டுப் பார்க்க நீ சொன்ன சுத்தமான இடம்; படகில் ஒரு மணி நேரம் போக வேண்டிய தூரம். எட்டாவதோடு நின்றவன் ஆராய்ச்சி செய்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லியாயிற்று. கருவாட்டைத் தனியாகக் கட்டியிருக்கிறேன். அதை ஆராயாதே, சாப்பிடு.

அப்பா
காத்தமுத்து

சென்னை
9-3-2024

அன்புள்ள அப்பா,

கருவாடு ஹாஸ்டலில் ஒரே நாளில் தீர்ந்தது. ஒரு சிக்கல். சுத்தமான இடத்துத் தண்ணீரில்தான் பிளாஸ்டிக் துகள் அதிகம். எல்லாம் சிவப்பு. அதில் செம்பு இருக்கிறது, மேலே வழவழவென்று பாக்டீரியா படிந்திருக்கிறது. செம்பைத் தாங்கிப் பழகிய அந்தக் கிருமிகளில் சில, மருந்துக்கும் சாகவில்லை. நான் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்கிறார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம்; மற்ற ஊர்களில் எடுத்ததையும் சேர்த்து ஒரு வருட வேலையைத் திரும்பச் செய்யச் சொல்கிறார். கழுவியது என் கை, குறை வைக்கவில்லை, அப்பா. நான்காவதை எங்கே எடுத்தீர்கள்?

உமா

மாயாபந்தர்
20-3-2024

உமா,

நான்காவதுக்காகப் படகைத் தள்ளும்போது பக்கத்து வீட்டு குணா நண்டுக் குழம்போடு வந்தான். "சோடோ பாய், பானி தோ பானி ஹை. விடுப்பா, தண்ணின்னா தண்ணிதான், எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" என்றான். நண்டு ஆறிவிடுமே என்று எனக்கும் கவலை. நம் படகுப் பட்டறைக்கு எதிரிலேயே பிடித்துவிட்டேன். தினமும் முகம் கழுவுகிற தண்ணீர், சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

உன் கடிதம் வந்ததும் போய்ப் பார்த்தேன். அலை ஒதுங்குகிற கோடெல்லாம் சிவப்பு. படகுக்கு அடியில் பாசி பிடிக்காமலிருக்க நான் அடிக்கிற பெயிண்ட், மறு வருடம் நானே சுரண்டித் தள்ளுகிற பெயிண்ட். இருபத்திரண்டு வருடம். பிளாஸ்டிக் என்றால் பையும் பாட்டிலும் என்றிருந்தேன், பெயிண்டும் அதில் சேர்த்தியா? மேடத்திடம் என் பேரைச் சொல்.

அப்பா

சென்னை
2-4-2024

அப்பா,

பெயிண்டும் சேர்த்திதான், செம்பும் அதிலிருந்துதான். மேடத்துக்குக் கோபம் போய்விட்டது. இப்போது அந்த பாட்டில்தான் முக்கியம் என்கிறார். ஆனால் எடுத்த இடத்தை எழுத வேண்டும். எழுதினால் பட்டறை யாருடையது என்று தெரிந்துவிடும், மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து ஆள் வரலாம். அது உங்கள் பிழைப்பு. நான்காவதை விட்டுவிடுகிறேன். இன்னொரு வருடம் போனால் போகட்டும்.

உமா

மாயாபந்தர்
15-4-2024

உமா,

எழுது. காத்தமுத்து படகுப் பட்டறை என்றே எழுது. ஆள் வந்தால் டீ கொடுக்கிறேன்.

இப்போது தார்ப்பாய் விரித்துத்தான் சுரண்டுகிறேன். தார்ப்பாயும் பிளாஸ்டிக் என்று ஆரம்பித்துவிடாதே. ஒரே படகில் அரைச் சாக்கு தூள் சேர்ந்தது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மேடத்திடம் கேட்டு எழுது. அதுவரை சாக்கு என் கட்டிலுக்கு அடியில்தான். குணா என்னை சயின்டிஸ்ட் சாப் என்று கூப்பிடுகிறான். முகம் கழுவுவது இப்போது குழாயடியில்.

நீ அனுப்பியதில் மிச்சமிருந்த பாட்டிலில் சுத்தமான இடத்துத் தண்ணீர் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்பா

சாட்சி: படகில் நானும் போனேன். போக ஒரு மணி பத்து நிமிடம். வழியில் எங்கும் நிறுத்தவில்லை.
சந்திரமதி (அம்மா)