கருப்பண்ணன் என்று வைத்த பாஸ்வேர்டு

திண்ணனூர் நாடு,
வியாழக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்டெல்லா எழுதிக்கொள்வது. நான் சுகம். நாகர்கோவிலில் நீங்களும் மாமியும் சுகம்தானே? இங்கே மலையில் ஒரு வாரமாக விடாத சாரல், துணியெல்லாம் பூஞ்சை வாடை. அதைச் சொல்ல எழுதவில்லை. எனக்கு இரண்டு நாளாகக் குமட்டுகிறது அத்தான். ஆட்களைப் பார்த்து. என்னைப் பார்த்தும்தான்.

நீங்கள் அனுப்பிய பழைய லேப்டாப்பைப் பக்கத்து வீட்டு ராமாயிக்குக் கொடுத்தேன் அல்லவா? நீங்கள் போனில் சொல்லச் சொல்ல, பென்டிரைவை மாட்டி லினக்ஸ் ஏற்றினேன். அவள் குழம்பக் கூடாதென்று கடிதம் எழுத, போட்டோ பார்க்க, அணைக்க என மூன்றே மூன்று பெரிய படங்களைத் திரையில் விட்டேன். பாஸ்வேர்டுக்குப் புருஷன் பெயரை வை, எந்தப் பொம்பளைக்கும் மறக்காது என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே கருப்பண்ணன் என்று வைத்தேன்.

ஆறு வருஷமாக இங்கே நர்ஸ். கர்ப்பிணி அட்டையில் எழுதப் புருஷன் பெயரைக் கேட்டால், வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லும் பெண்களைத் தினம் பார்க்கிறேன். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

ராமாயி அந்தப் பெயரை ஒருநாளும் அடிக்கவில்லை. எழுதுவதும் சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான். ஆசையாக வைத்த சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. தினமும் கொழுந்தன் முரளியைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறாள்.

கருப்பண்ணன் போர்வெல் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். மாமனாரின் மிளகுத் தோட்டத்தில் புருஷனுடைய பாதிக்குத் தனிப் பட்டா கேட்டு, நான்கு நாள் எழுத்தெழுத்தாகத் தேடி அவளே மனு அடித்தாள். மறுநாள் காலை அவள் ஆட்டை அவிழ்க்கப் போன நேரத்தில், எங்களுக்குப் பங்கு வேண்டாம், முழுவதையும் கொழுந்தனார் பெயருக்கே கொடுங்கள் என்று அதை மாற்றிவிட்டான் முரளி. தான் அடித்ததுதானே என்று அவள் படிக்காமலே பிரிண்ட் எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

தாலுகா ஆபீசில் மனு வாங்கும் குமாஸ்தா உரக்கப் படித்தபோதுதான் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, முத்திரை குத்தும் முன்பே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். விசாரித்தால் முரளி என்னிடமே, "அண்ணிக்கு ஒத்தாசைதானுங்க பண்ணுனேன்" என்று இளிக்கிறான். சீ என்றாகிவிட்டது. அவன் தொட்ட கீபோர்டை டெட்டால் போட்டுத் துடைத்தேன்.

பிறகு பாஸ்வேர்டை மாற்றுவது எப்படியென்று ராமாயிக்குக் காட்டினேன். மறந்தால் நான் திறந்து தர வேண்டுமே, எனக்கு மட்டும் சொல் என்றேன். "உங்களுக்கும் வேண்டாமுங்க சிஸ்டர்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதுதான் சரி என்று புரிய ஒரு நாள் ஆயிற்று.

என் மெயிலுக்கு நீங்கள் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டும் உங்கள் பெயர்தான். போன மாதம் ஊருக்கு மாறுதல் கேட்டு அதிலிருந்து ஒரு விண்ணப்பம் போயிருக்கிறது. அதை நான் எழுதவில்லை. கேட்டபோது, உனக்கு ஒத்தாசைதான் செய்தேன் என்றீர்கள்.

விண்ணப்பம் என்னுடையதல்ல என்று ஆபீசுக்கு இன்று எழுதிவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை ராமாயி மறுபடி மனு கொடுக்கப் போகிறாள். அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள். கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் தரட்டும். போன் பண்ணுங்கள் அத்தான், எவ்வளவு நேரமானாலும் பேசுகிறேன். பாஸ்வேர்டு என்னவென்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
ஸ்டெல்லா