வளைவுல அப்பாவோட கண்ணு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீ, மருமக, குட்டி மூணு பேரும் சௌக்கியமா இருக்கணும். இங்கயும் எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடல, அதனால உள்ளதையே எழுதுறேன்.

போன வாரம் சித்தியைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றப்ப, கல்குவாரி தாண்டின வளைவுல உங்கப்பா காரைத் தடுப்புச் சுவர்ல கொண்டு போய் மோதிட்டார். அவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இடது மணிக்கட்டு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. உன்கிட்ட சின்ன உரசல்னு சொன்னாராம், உன் தங்கச்சி சொன்னா. காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன். முன்னெல்லாம் வளைவு வர்றதுக்குள்ளயே அவர் கண்ணு அதோட கோடிக்குப் போயிடும், கை அது பின்னாலயே தானா திரும்பும், பக்கத்துல இருக்கிற எனக்கு வண்டி திரும்பினதே தெரியாது. இப்ப ஒரு வருஷமா பானெட்டுக்கு முன்னால இருக்கிற வெள்ளைக் கோட்டையே முறைச்சுக்கிட்டு ஓட்டுறார், தூரம் கலங்கலாத் தெரியுது. வளைவுக்குள்ள போன பிறகுதான் திருப்புறார், அதையும் வெடுக்கு வெடுக்குன்னு. எந்தப் பக்கம் திரும்புதுன்னு பேச்சுவாக்குல கேட்கிற மாதிரி என்னைக் கேட்பார், நான் சொல்லுவேன். அன்னைக்கு நான் கண்ணசந்துட்டேன். மோதி நின்னதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, ஏன் சொல்லலன்னுதான். அடி பட்டுச்சான்னு கேட்கல.

இதெல்லாம் நீ லீவுல வந்தப்பவே சொன்னேன். விடும்மா, வண்டியைப் பிடுங்கினா அப்பா உடைஞ்சு போயிடுவார்னு சொன்ன. ஆனா ஏர்போர்ட்டுக்கு நீ டாக்ஸி வச்சுக்கிட்ட, குட்டியை ஒரு நாள் கூட அவர் வண்டியில ஏத்தல. அதையும் நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

இனிமே ஓட்டவே கூடாதுன்னு கண் டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. வெளியில வந்ததும் உங்கப்பா, மகன்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னார். சாவியை என் தலையணை உறைக்குள்ள வச்சிருக்கேன். அதுல இருந்து என்கூடப் பேச்சில்ல, தட்டை வச்சா டிவியைப் பார்த்தபடி சாப்பிடறார்.

குட்டிக்கு முத்தம். மருமக முதுகுவலியை அலட்சியம் பண்ண வேண்டாம்னு சொல்லு. எல்லாரும் நீண்ட ஆயுசோட நல்லா இருங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப மறக்காம, ஓட்டாதீங்கப்பான்னு உன் வாயால சொல்லிடு. நல்ல பேரை நீ வச்சுக்கிட்டுப் பொல்லாப்பை எனக்கே விட்டுட்டுப் போனது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா