முட்டியைப் பார்க்க ஒரு ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. முட்டிக்கு மேலே நான் நலம், முட்டிக்குக் கீழேதான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் தலை முதல் கால் வரை நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்றால் நல்லாயிருக்கேன்மா, சாப்பிட்டேன்மா என்ற இரண்டைத் தவிர எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை, நீயும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். என்னோடு வேலை பார்க்கிற பெயிண்டர் உனக்குப் போன் போட்டு எதையாவது உளறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி.

போன மாதம் ஒரு புது வீட்டில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன், கடைசி வரிசை. குந்தியிருந்தவன் எழுந்திருக்கப் பார்த்தேன், வலது முட்டி நேராக நிற்காமல் இடது முட்டியைப் பார்த்து உள்ளே மடிந்தது, குதிகால் தூக்கிக்கொண்டது, அப்படியே ஒட்டின டைல்ஸ் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வரிசை மொத்தமும் நகர்ந்துபோயிற்று. சுற்றி நின்றவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெயிண்டர்தான் ஏணியிலிருந்து இறங்கி வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். காண்ட்ராக்டர் நல்ல மனுஷன், கத்தவில்லை. அண்ணே, வீட்ல இருந்து முட்டியைப் பாருங்க, கையை ஊனாம உக்காந்து எந்திரிக்க முடிஞ்சதும் சொல்லுங்க, அன்னிக்கே வேலைக்கு வந்துடுங்க என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவர் மேல் இல்லை, இந்தப் பாழாய்ப்போன முட்டி மேல்தான்.

பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் போனேன், உன் வயதுதான் இருக்கும். சுவரைப் பார்த்து நிற்கவைத்து, கால் விரலுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னாள். இடது கால் தொட்டது. வலது கால், ம்ஹூம். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாரத்திலிருந்து இறங்கும்போது எனக்குக் கணுக்கால் பிசகியதே, அது அன்றைக்கே சரியாக ஆறவில்லையாம். கணுக்கால் மடங்காததால் பாதம் உள்பக்கம் சாய்கிறது, பாதம் சாய்ந்தால் முட்டியும் கூடவே போகிறது, இழுத்துப் பிடிக்க இடுப்புத் தசைக்கும் தெம்பில்லை. முட்டி பாவம்ப்பா, மேல இருக்கிறவனும் கீழ இருக்கிறவனும் வேலை செய்யாததுக்கு நடுவுல அது அடி வாங்குது என்றாள். வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவில் நான் நிற்கிற மாதிரியா என்றேன், வாய்விட்டுச் சிரித்தாள். நான் சொல்லி ஒருத்தர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சி இதுதான், சைக்கிள் டியூபை வளையமாக முடிந்து இரண்டு தொடையையும் சுற்றி மாட்டிக்கொண்டு, அதை வெளிப்பக்கம் தள்ளியபடியே நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையை விடக் கூடாது, பழகப் பழக இன்னும் தாழ இறங்கலாம். நான் கெட்டிக்காரனாயிற்றே, ஒரு மரத்துண்டைக் குதிகாலுக்குக் கீழே முட்டுக் கொடுத்துக் குந்திக் காட்டினேன். இப்போதைக்கு வச்சுக்குங்க, ஆனா அதையே நம்பி கணுக்காலைச் சும்மா விட்டுடாதீங்க என்றாள். கிளம்பும்போதுதான், முட்டி உள்ள போறது உங்களுக்கே தெரியாதுப்பா, வீட்ல யாரையாவது எதிர்ல உக்கார வச்சுக்குங்க என்று சொன்னாள். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா போனதற்குப் பிறகு நான் பகலில் இந்த வீட்டில் இருந்ததே இல்லை பாப்பா. காலையில் போனால் நாள் முழுக்கப் பெயிண்டரோடு வாய்ச்சண்டை, சாயங்காலம் வந்து விழுந்தால் தூக்கம். இப்போதுதான் பகல் இங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். தண்ணீர் மோட்டார் ஓடி நின்றதும் காது அடைத்துப்போகிறது. வேலையை விட்டுடுங்கப்பா, நான் அனுப்புறேன் என்கிறாய், உன் மனசு எனக்குத் தெரியும். காசுக்காக இல்லை கண்ணு, எனக்கு மனுஷர் வேண்டும். முட்டி சரியாகவில்லை என்றால் இனி எனக்கு இந்த நாலு சுவர்தான், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதனால் விடாமல் செய்கிறேன். நீ அனுப்பிய உடற்பயிற்சி வீடியோவையும் பார்த்தேன், கூட ஒரு வரியும் எழுதாமல் வீடியோவை மட்டும் அனுப்பியிருந்தாய், உன் குரல் எங்கேயாவது வருமோ என்று கடைசி வரை பார்த்தேன், யாரோ ஒரு தம்பி மூச்சுவிடாமல் பேசுகிறான். பீரோ கண்ணாடி இடுப்போடு முடிந்துவிடுகிறது, முட்டி தெரியாது. சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்து, நூலை முட்டிச் சில்லில் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன், குண்டு காலின் நடுவிரல் பக்கம் தொங்க வேண்டும். அது எங்கே தொங்குகிறது என்று குனிந்தால் குதிகால் தூக்கிக்கொள்கிறது, முட்டி உள்ளே போய்விடுகிறது. வேலையிலும் அப்படித்தானே, ஒருத்தர் நூலைப் பிடித்தால் இன்னொருத்தர்தான் பார்க்க வேண்டும். போனில் படம் பிடித்துப் பார்க்கலாமே என்பாய், பிடித்தேன், உள்ளே போன முட்டியை அப்புறம் உட்கார்ந்து பார்த்து என்ன செய்வது, போகிறபோதே ஒரு குரல் தடுக்க வேண்டாமா.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உனக்கு லீவு வருகிற நாளிலெல்லாம், அங்கே உனக்குக் காலை, இங்கே எனக்குச் சாயங்காலம், வீடியோவில் கூப்பிடு. போனைத் தரையில் சாய்த்து வைத்துவிடுவேன், என் முகம் தெரியாது, முட்டி மட்டும்தான் தெரியும், சிரிக்காதே. நீ எதுவும் பேச வேண்டாம். துணி மடி, காய் நறுக்கு, மாப்பிள்ளையோடு சண்டை போடு, ஒரு கண் மட்டும் இங்கே இருக்கட்டும். முட்டி உள்ளே போகிறபோது அப்பா என்று ஒரு சத்தம் கொடு, போதும், நான் நேராக்கிக்கொள்வேன்.

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறாய், நல்ல செருப்பாக வாங்கிப் போடு, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் பேச்சுத் துணையாக ரொம்ப நாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். லீவு என்றைக்கு என்று மறக்காமல் சொல்லிவிடு, போனுக்குச் சார்ஜ் போட்டு வைப்பேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபிக்கக் கூடாது. முட்டி சரியாகிவிட்டால் காண்ட்ராக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிடுவேன், உன்னிடம் உடனே சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

உன்
அப்பா