லிஃப்ட் கத்தின சத்தம்

ஜூன் 7, சனி

விடியக்காலையிலேருந்து மழை. கீழ, குடியிருக்கறவங்க கூடற ஆர்சி ரூம் கூட்டித் துடைக்கணும், பத்து மணிக்குப் பிள்ளைங்க வந்துரும். ஏழு மாடியும் படியிறங்கிப் போனேன். எங்க வீட்டுக்காரர் எங்க மாடி லிஃப்ட் வாசல்ல விழுந்து போய்ச் சேந்து இன்னையோட நாப்பத்தோரு நாள். அதுக்கப்புறம் நான் அதுல ஏறல.

வாங்க வேண்டியது: பிளீச், முட்டிக்குத் தைலம்.

புளோக் பிள்ளைங்களுக்கு சயன்ஸ் சொல்லித்தர யாழினி வந்துச்சு. யூனிவர்சிட்டில எஞ்சினியரிங், மாஸ்டர்ஸ். புத்தகமே கிடையாது. ஒயர், பேட்டரி, எல்லாம் பிள்ளைங்க கையிலதான். மேசைக்கு இந்தப் பக்கம் டார்ச்லைட், அந்தப் பக்கம் சின்னக் கண்ணு மாதிரி ஒண்ணு. நடுவுல கைய நீட்டினா கத்துது.

"இது எதுக்குக்கா?" மூணாவது மாடி மீரா.

"லிஃப்ட் கதவுல இருக்கறது இதுதான். குறுக்க ஆள் இருந்தா மூடாது. ரொம்ப நேரம் இருந்தா கத்தும்."

"நாங்க கால நீட்டி விளையாடுவோமே, ஆன்ட்டிகூட ஏசுவாங்க!"

எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் தரை துடைக்கற மாப் ஓடல.

அன்னைக்கு அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். சோறு வைக்கல. ரொட்டி.

யார்கிட்டயும் சொல்ல முடியல, இங்க எழுதறேன். அன்னைக்கு இவர் தேங்கா வாங்கிட்டு வரேன்னு போனார். நான் ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டிருந்தேன். லிஃப்ட் கத்துச்சு. நிக்கவே இல்ல. "எந்த வீட்டுச் சனியனுங்க லிஃப்ட்ல விளையாடுது"ன்னு அடுப்படிலேருந்தே ஏசினேன். எட்டிப் பாக்கல. ரசத்த இறக்கினேன். கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன்.

லிஃப்ட் கீழ வரலயேன்னு படியேறி வந்த பக்கத்து வீட்டு சல்மா அக்காதான் பாத்தது.

லிஃப்ட் மூடாம நின்னு கூப்பிட்டிருக்கு. என்னைத்தான்.

மகன் போன். "பொங்கோல்ல எங்க வீட்டுக்கே வந்துருங்கம்மா. படி ஏறி ஏறி முட்டி போயிரும்."

"சரிப்பா."

"எப்பவும் இதேதான். எப்ப வர்றீங்க?"

ரசம் கொதிக்குதுன்னு சொல்லி வச்சுட்டேன். அடுப்பே பத்த வைக்கல.

ஜூன் 14, சனி

பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி யாழினிகிட்டக் கேட்டேன். "ஒரு ஆளு குறுக்க விழுந்து கெடந்தா எவ்வளவு நேரம் கத்தும்?"

ஒயரைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. அதுக்கும் விஷயம் தெரியும்தானே.

"ஆளை நகத்துற வரைக்கும், ஆன்ட்டி."

"அப்பவே நான் ஓடிப் போய்ப் பாத்திருந்தா?"

"தெரியல ஆன்ட்டி. எனக்கு லிஃப்ட் மட்டும்தான் தெரியும்."

ஓடியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. நல்ல பிள்ளை.

சாயந்திரம் முட்டி வீங்கிருச்சு. தைலம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். தேக்கா மார்க்கெட்ல வாங்க வேண்டியது: தேங்கா ஒண்ணு, சின்ன வெங்காயம்.

செருப்பு மாட்டறேன், லிஃப்ட் கத்துது. பையப் போட்டுட்டு ஓடினேன். முட்டி வலி தெரியல.

மீரா. எங்க மாடில யாரோ கூட்டாளியப் பாத்துட்டுப் போவுது போல. கதவுக்குக் குறுக்க ஒரு கால நீட்டிக்கிட்டு நிக்குது.

"சீக்கிரம் வாங்க ஆன்ட்டி! நீங்க கேட் பூட்டறதப் பாத்துட்டுப் புடிச்சு வச்சிருக்கேன். ரொம்பக் கத்துது லா!"

ஏச வாய் வரல. உள்ள போய் நின்னேன். மீரா கால எடுத்துச்சு. சத்தம் நின்னுருச்சு.