வராத டிசம்பரின் புள்ளிகள்

எண் 170. 2006 ஜூன் 19, திங்கட்கிழமை, காலை 6.40. பேர்லேண்ட், டெக்சாஸ்.

நிரல் இன்றும் பாதியில் நின்றது.

சனவரி முதல் தேதியிலிருந்து நாள்தோறும் காலையில் என் மனைவி ஜெயலீலாவிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, சரியான விடைகளின் எண்ணிக்கையைக் கணினியில் குறித்து வருகிறேன்; இன்று 170-ஆவது நாள். என்ன மாதம், எந்த ஊர், மகனின் பெயர் என்ன, இந்தப் பொருளின் பெயர் என்ன. கேள்விகள் மருத்துவர் தந்தவை. மாதம் ஒரு முறை கேட்டால் போதும் என்றார் அவர். மாதம் ஒரு முறை அளப்பது ஓர் அளவா? பொதுப்பணித் துறையில் இருந்தவரை அணையின் நீர்மட்டத்தை நான் ஒரு நாளும் அளக்காமல் விட்டதில்லை.

ஒரு நாள் ஏழு, மறுநாள் நான்கு, அதற்கடுத்த நாள் ஆறு. தனி நாளை வைத்து எதுவும் சொல்ல இயலாது; சரிவைப் பார்க்க வேண்டும். அதற்கே வரைபடம். ஜூலை 11 அன்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிலை மேலும் சரியாமல் இருந்தால் டிசம்பரில் நாகர்கோவில் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அவள் கேட்பதும் அது ஒன்றுதான்: கிறிஸ்துமஸ் ஆராதனையில் தங்கை வயலட்டின் பக்கத்தில் நின்று பாட வேண்டும்.

மகன் ரூஃபஸ் பைத்தான் என்ற கணினி மொழியில் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று எழுதித் தந்திருக்கிறான். அது என் கோப்பைப் படித்து, படம் வரையும் நிரலுக்குக் கட்டளையிட வேண்டும். சனவரி 12 வரை ஒழுங்காகப் படிக்கிறது. 13 வந்ததும், இது தேதியே அல்ல என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நின்றுவிடுகிறது.

தேதியே அல்லவாம். என்னிடம்!

எண் 172. ஜூன் 21, புதன்.

ரூஃபஸ் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே பார்த்தான். "பதிமூணு ராசியில்லாத நம்பர்ப்பா, அதான் பயப்படுது." நான் சிரிக்கவில்லை. "சரி, எர்ரர் வர்ற லைனை எல்லாம் ஸ்கிப் பண்ணச் சொல்லிட்டேன். இப்ப ஓடும். ஃப்ரீவே ஜாம் ஆயிடும், வரேன்."

ஓடியது. படமும் வந்தது. ஆனால் ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்தில் மட்டும் ஆறு புள்ளிகள், பிறகு வெறுமை. புள்ளிகள் ஒன்பதை ஒட்டித் தொடங்கி, நான்கை நோக்கி இறங்குகின்றன. மறுமாதம் பிறந்ததும் மீண்டும் ஒன்பதுக்கு ஏறிவிடுகின்றன. ரம்பத்தின் பற்களைப் போல. பன்னிரண்டு பற்களும் ஏறக்குறைய ஒரே உயரம். சரிவே இல்லை.

பன்னிரண்டு! இது ஜூன் மாதம். வரப்போகும் டிசம்பர் முதல் தேதியில் அவள் பத்துக்கு ஒன்பது வாங்கியிருப்பதாகப் படம் சொல்கிறது.

பிழை. ஐயமில்லை. ஆயினும் அச்சிட்டுக்கொண்டேன்.

எண் 175. ஜூன் 24, சனி.

படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஜெயலீலா வந்து நின்றாள்.

"இது என்னங்க, ரம்பமா?"

"நீதான்."

ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினாள். "விழுந்து விழுந்து எழும்பிட்டனே!"

"ஆமா, எழும்பிட்ட."

"அப்ப டிசம்பருக்குப் போலாம்."

மாலையில் ரூஃபஸிடம் டிக்கெட் போடச் சொன்னேன். பிழை என்று தெரிந்துகொண்டே எப்படிச் சொன்னேன்? இன்னும் நடக்காத மாதத்தின் அளவை, நீர்மட்டப் பட்டியலில் எவனாவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் அவனை அறையை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

எண் 178. ஜூன் 27, செவ்வாய்.

"என்ன மாதம்?" "டிசம்பர்." மதிப்பெண் இல்லை. மூன்று நாட்களாக இதே விடை.

எண் 188. ஜூலை 7, வெள்ளி.

அவளுடைய மாத்திரைக் குப்பியில் 07/05/2006 என்று இருந்தது. மே மாதத்துப் பழைய மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று மருமகளிடம் சத்தம் போட்டேன்.

"ஐயோ மாமா, அது ஜூலை அஞ்சு! நான்தானே போய் வாங்கிட்டு வந்தேன். இந்த ஊர்ல மாசம்தான் முன்னாடி. இதுக்காக நீங்க இந்த நாட்டையே எத்தனை தடவை திட்டியிருக்கீங்க?"

உண்மை. திட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாததா இது?

குப்பியைக் கையில் வைத்தபடியே கணினி முன் வந்து உட்கார்ந்தேன். தேதியில் நான் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதியிருக்கிறேன். ரூஃபஸின் ஸ்கிரிப்ட் மாதத்தை முதலில் படிக்கிறது. என் 12/01, அதாவது சனவரி 12, அதற்கு டிசம்பர் 1. பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் ஒவ்வொரு மாதத்திலும் 12-க்குப் பிந்திய நாட்கள் அனைத்தும் தள்ளுபடி. அவள் நன்றாக இருந்த பழைய நாட்களே டிசம்பருக்குப் போய் உட்கார்ந்திருக்கின்றன.

ஸ்கிரிப்டில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினேன். அவ்வளவுதான். எல்லா நாட்களும் வந்தன.

பற்கள் இல்லை. சனவரியில் ஒன்பது, அங்கிருந்து ஒரே சரிவு, இன்று மூன்று. அதற்கு வலப்புறம் வெள்ளைத் தாள்.

எண் 192. ஜூலை 11, செவ்வாய்.

சரியான படத்தையே கொண்டுபோனேன். மருத்துவர் சரிவின் மேல் பேனாவை ஓட்டி, கடைசிப் புள்ளியில் நிறுத்தினார். அவ்வளவு நீண்ட பயணம் வேண்டாம். இடம் மாறினால் இப்போது மிஞ்சியிருப்பதும் போய்விடக்கூடும் என்றார். ஜெயலீலா அவரைப் பார்த்துப் புன்னகைத்து, "தேங்க் யூ டாக்டர்" என்றாள்.

காரில் அவள் கண்ணயர்ந்த பிறகு ரூஃபஸ் மெல்லச் சொன்னான். "நான்தான்பா மாசத்தை முன்னாடி போட்டுட்டேன். இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சுல்ல, கை தானா அப்படி எழுதிடுது." சிறிது தூரம் போன பின், "அந்தப் பழைய கிராஃபையே காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினால்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்." பிறகு, "டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்பா."

எண் 194. ஜூலை 13, வியாழன்.

ஃப்ரிட்ஜ் கதவில் பழையதை எடுத்துவிட்டுச் சரியான படத்தை ஒட்டினேன். காலையிலிருந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"என் ரம்பத்தை எங்க வச்சீங்க?"

"எது?"

"நான் எழும்புவனே, அது."

பழையதையே மீண்டும் ஒட்டினேன்.

எண் 337. டிசம்பர் 3, ஞாயிறு.

பல வாரங்களாக எழுதவில்லை. கேள்விகளைச் செப்டம்பர் 9 அன்று நிறுத்திவிட்டேன். அன்று பத்தாம் கேள்வி முடிந்ததும் அவள் என்னைப் பார்த்து எழுந்து நின்று, "சார், பரீட்சை முடிஞ்சுதா? நான் வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

இன்று ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் தானாகவே பாடினாள். முதல் குரலை அல்ல. வயலட் முதல் குரல் பாட, அவள் சேர்ந்து பாடும் இரண்டாம் குரலை. நடுவே முதல் குரல் மட்டும் பாடும் இடங்களில் வாயை மூடி, அது முடியும்வரை காத்திருந்து, சரியான இடத்தில் மீண்டும் எடுத்தாள். மருமகள் ஓடிப்போய்ப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்தாள்.

பாட்டு முடிந்ததும் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "ஜெயா, என்ன மாதம்?"

"டிசம்பர்."

சரி.

கோப்பைத் திறந்து 03/12/2006 என்று இட்டு, எதிரே ஒன்று என்று எழுதினேன். பிறகு வயலட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை முடித்தேன். இணைத்தவை:

1. ஜெயலீலா இன்று பாடியது, ஒலிநாடா ஒன்று. கிறிஸ்துமஸ் காலையில் போட்டுவிட்டு, நீ முதல் குரலைப் பாடு.

2. அவள் பாடகர் குழுவில் உடுத்தும் வெள்ளைச் சேலை. அவள் இடத்தில் நிற்பவருக்கு.

3. வரைபடம் ஒன்று. தவறானது, டிசம்பர் உள்ளது. சரியானது என்னிடம் இருக்கட்டும்.