இந்த வருஷம் செம்புத் தோட்டா

அக்டோபர் 12, சனி

காலையில் இலை கூட்டினேன். பிறகு துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டேன். மான் சீசனுக்கு இன்னும் ஐந்து வாரம். அலமாரியில் ஈயத் தோட்டா இரண்டு பெட்டி மிச்சம் இருக்கிறது, நூற்றெண்பது கிரெயின் எடை. இருபத்தாறு வருஷமாக அதேதான். நான் மாற்றாமல் வைத்திருப்பவை இரண்டு, தோட்டாவும் நீயும் என்று டார்லீனிடம் சொன்னேன். வரிசையில் பெண்டாட்டியை முதலில் சொல்லியிருக்கலாம் என்றாள்.

மதியம் மகள் ஜோடி வந்தாள். ஐந்தாம் மாதம். அவளுக்கென்றே டார்லீன் மான்கறி உருண்டை செய்திருந்தாள். ஜோடி உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நம்ம வீட்டு மான் இனிமே வேண்டாம்ப்பா. ஈயத் தோட்டா உள்ள போனதும் தூளாயிடுதாம். கறியெல்லாம் பரவுமாம். வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு நர்ஸ் சொன்னாங்க."

"அடிபட்ட இடத்தச் சுத்தி ஒரு சாண் வெட்டி எறிஞ்சிடறேனே."

"ஒரு சாண் பத்தாதாம்."

"உன்னை இந்தக் கறி போட்டுத்தான் வளர்த்தேன். உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"அல்ஜீப்ராவுல ரெண்டு தடவ ஃபெயில்."

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான். அவள் போன பிறகு உருண்டை அத்தனையையும் நானே தின்றேன், கோபத்தில்.

அக்டோபர் 15

ஒரு சாண் பத்தாதாம். மூன்று நாளாகச் சாலைத்துறை வேலை வண்டியில் இதேதான் மண்டைக்குள் ஓடுகிறது.

அக்டோபர் 19, சனி

ஃப்ரீசரிலிருந்து போன வருஷத்துக் கொத்துக்கறி மூன்று பொட்டலம் எடுத்துக்கொண்டு, ஜோடி வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துக் காட்டு, அப்புறம் பேசு என்றேன். காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர், காலுறையை விழுங்கிய நாயோடு. "உங்களுக்கு என்ன கேஸ்?" என்று கேட்டார். மான் என்றேன். பையை ஒரு பார்வை பார்த்தார். "லேட்டாக் கொண்டுவந்துட்டீங்க" என்றார்.

வயிற்றோடு எக்ஸ்ரே அறைக்குள் வரக் கூடாது என்று ஜோடி கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். இன்னொரு பெண் எடுத்துக் கொடுத்தாள்.

முதல் பொட்டலம் சுத்தம். நான் ஜோடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். இரண்டாவதில் ஒன்பது வெள்ளைப் புள்ளி. மூன்றாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன். பனி தள்ளும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் முதல் பனி விழுவது போல இருந்தது.

ஜோடி படத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள். 'நான் சொன்னேனே' என்று சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 20

பிள்ளைக்கு நான் என்னத்தப் போட்டு வளர்த்தேன்? பல் முளைச்ச நாள்லேர்ந்து ஊட்டினது இந்தக் கைதானே. தெரியாமப் பண்ணது சரி. ஆனா பண்ணது நான்தானே?

அக்டோபர் 26, சனி

ஈயமே இல்லாத முழுச் செம்புத் தோட்டா வாங்கினேன். கடைக்காரர் எத்தனை கிரெயின் என்றார். யோசிக்காமல் நூற்றெண்பது என்றேன். என் பெயரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பேன்.

ஜல்லிக் குழியில் நூறு கெஜத்தில் குறி அட்டை நட்டுச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று மேலே, ஒன்று இடது ஓரம், ஒன்று அட்டையிலேயே இல்லை. டார்லீனின் தம்பி ஆர்வோ வண்டி மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறவன், அதனால் வாய் அதிகம்.

"மச்சான், மான் எங்க நின்னா பத்திரம்னு அதுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடு. அட்டைக்கு நேர் முன்னாடி."

"தோட்டா சரியில்லடா."

"தோட்டா சரிதான். வாங்கின ஆளு சரியில்ல. செம்பு ஈயத்தவிட லேசு. அதே எடை வேணும்னா நீளமாத்தான் செய்யணும். உன் துப்பாக்கிக் குழாய் பழசு. அந்த நீளத்தச் சுத்திவிட, உள்ள வெட்டியிருக்கிற வரியோட முறுக்கு பத்தாது. தோட்டா ஆடிக்கிட்டே போவுது. நூத்தம்பது வாங்கு."

"சின்னது மானை நிறுத்துமா?"

"ஈயம் உள்ள போயி ஒடையும், பாதி எடை போயிரும். செம்பு ஒடையாது, பூ மாதிரி விரியும், எடை அப்படியே நிக்கும். ஆனா விரியறதுக்கு வேகம் வேணும். லேசா இருந்தாத்தான் வேகம். குழாயில பழைய அழுக்கு இருக்கும், அதையும் நல்லாத் தேய்ச்சு எடு. மெதுவாச் சொல்லட்டுமா, எழுதிக்கிறியா?"

எழுதிக்கொண்டேன், இங்கே.

நவம்பர் 2, சனி

குழாயை மூன்று நாள் தேய்த்தேன். நூற்றைம்பது கிரெயின். மூன்று சூடும் ஒரு காபிக் கோப்பை மூடிக்குள் அடங்கின. ஆர்வோவுக்கு நன்றி. நேரில் சொல்வதாக இல்லை.

நவம்பர் 5

ஜோடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாளாம். ஈயம் ஒன்றும் பயப்படும்படி இல்லை. அவள் கட்டாயத்தில் நானும் ரத்தம் கொடுத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் கூடுதல். ஆபத்து இல்லை, குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதெப்படி, ஒரே ஃப்ரீசர், ஒரே அடுப்பு?

டார்லீன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "முன்சப்பையெல்லாம் உனக்குத்தான வச்சேன்."

"என்னது?"

"ஜோடிக்கு நாலு வயசு இருக்கும். கறியில என்னமோ அவ பல்லுல கடிபட்டுது. துப்பினா, குட்டியா ஒரு ஈயத் துண்டு. நீ சுடறது எப்பவும் தோள்லதான? அதனால அன்னையிலேருந்து புள்ளைக்குப் பின்தொடை மட்டுந்தான். முன்சப்பையத் தனியா அரைச்சு உனக்கு."

"ஈயம் கெடுதல்னு அப்பவே தெரியுமா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பல்லு உடைஞ்சிருமேன்னுதான்."

"அப்ப என் பல்லு?"

"உனக்கு அப்பவே பாதி பொய்ப் பல்லு, வேய்ன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. எதற்குச் சிரிக்கிறேன் என்றே தெரியாமல் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் மாவுக் கையோடு என் தலையைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஆர்வோவுக்கு ஃபோனில் சொன்னேன். "அத்தனை ஈயமும் உனக்குள்ளயா? இத்தனை வருஷமா எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துச்சு மச்சான்" என்றான்.

நவம்பர் 15, வெள்ளி

சீசன் முதல் நாள். ஊரே காட்டில். நான் மட்டும் கவுண்டிச் சாலைத்துறை வண்டியில், ஊரே காட்டுக்குப் போவதற்குப் பனி தள்ளிக்கொண்டு.

நவம்பர் 23

ஒரு பெரிய ஆண்மான், நல்ல கொம்பு. முந்நூறு கெஜம் இருக்கும். போன வருஷமாக இருந்தால் சுட்டிருப்பேன். அவ்வளவு தூரத்தில் வேகம் குறைந்துவிடும், தோட்டா சரியாக விரியாது. காயத்தோடு அது எங்கேயோ கிடந்து சாக வேண்டாம். விட்டுவிட்டேன். ஆர்வோவிடம் மூச்சு விடப் போவதில்லை.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நாள் விருந்து. வான்கோழி. ஜோடி நன்றாகச் சாப்பிட்டாள். "மான் கிடைக்கலன்னா என்னப்பா, விடுங்க" என்றாள். விட முடியுமா? பிள்ளை பிறக்கும் முன் என் கையால் ஒரு வாய் அவள் சாப்பிட வேண்டும்.

நவம்பர் 30, சனி

கடைசி நாள். மாலை நாலு மணி, வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது. குளிரில் கால் விரல் இருப்பதே மறந்துவிட்டது. தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு இளம் ஆண்மான் சாய்வாக நடந்து வந்தது. எண்பது கெஜம். இந்த முறை தோளுக்குக் குறி வைக்கவில்லை. தோளுக்குப் பின்னால், விலாவில். நாற்பது அடி ஓடிப் படுத்துவிட்டது. போய்ச் சேரும்போது கண் அசையவில்லை.

தொப்பியைக் கழற்றி மானுக்கு நன்றி சொன்னேன். வழக்கமாக ஒரு வார்த்தைதான். இன்று கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

டிசம்பர் 3

தோலுரிக்கும்போது அந்தப் பக்கத் தோலடியில் தோட்டா அகப்பட்டது. நாலு இதழ் விரிந்த செம்புப் பூ. ஆர்வோ அவன் தராசில் நிறுத்தான். நூற்று நாற்பத்தொன்பது.

"மீதி ஒண்ணு எங்கடா?" என்றேன்.

"ஒரு கிரெயினுக்கு மூஞ்சி இப்படிப் போவுது. அதுவும் செம்புதான், ஈயம் இல்ல. போ மச்சான்."

டிசம்பர் 6

முன்சப்பைப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜோடி படத்தைச் சன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. "என்ன கேஸ்னு கேட்டா, டிஸ்சார்ஜ்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜோடி வந்தாள். மான்கறி உருண்டை. டார்லீன் முன்சப்பை உருண்டையை எடுத்து ஜோடி தட்டில் வைத்தாள். நான் என் தட்டை நீட்டினேன். அதில் வேறு பாத்திரத்திலிருந்து பெரிய துண்டாகக் கறி விழுந்தது. மெத்தென்று, நார் இல்லாமல்.

பின்தொடை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜோடி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.