பேராசிரியர் குனிந்த விதம்

கோட்டிங்கன்,
சித்தி வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணல். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதீர்கள்.

சனிக்கிழமை நான் வேலை செய்யும் பேராசிரியர் ஏலர்ஸ் வீட்டில் ஜப்பான் சட்ட அறிஞர்களுக்கு விருந்து. நான் சூப் கொண்டுபோனபோது அவர் பேச்சு மும்முரத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கொதிக்கிற சூப் என் கையில் கொட்டியது.

"ஐயோ, கம்பளம் போச்சு!" என்றார் அவர் மனைவி.

"எங்க ஊர்ல உடனே மன்னிப்புக் கேட்டுடுவோம். பாதி வழக்கு அதுலயே முடிஞ்சிடும்," என்றார் ஜப்பான் விருந்தாளி குவபாரா.

"இங்க மன்னிப்புக் கேட்டாத்தான் வழக்கே ஆரம்பிக்கும்!" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் சிரித்தார்கள். தவறு யாருடையது, எந்த நாட்டில் எவ்வளவு நஷ்டஈடு என்று பேச்சு வளர்ந்தது. நான் அங்கேயே நின்றேன். தண்ணீர் கொண்டுவர ஒருவரும் எழவில்லை.

"மன்னிப்புக் கேக்க உங்க ஊர்ல எப்படிக் குனியணும், சொல்லிக் குடுங்க," என்று குவபாராவிடம் கேட்டு, பேராசிரியர் என் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். கைதட்டினார்கள். நிமிர்ந்ததும், "இது வெறும் செய்முறை விளக்கம்தான். தப்பை ஒத்துக்கிட்டேன்னு யாரும் எழுதிக்காதீங்க," என்றார். குவபாராவும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று இரவே சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படிப்பை விட்டவளுக்கு வேலை செய்ய இதைவிட நல்ல வீடு கிடைக்காது என்பீர்கள். கிடைக்காவிட்டால் போகட்டும், நான் திரும்பிப் போகமாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரும் மனைவியும் கேக்கோடு உங்களைப் பார்க்க வரப்போகிறார்களாம். வாசலில் அவர் குனிந்தாலும் குனிவார், இப்போது பழகிவிட்டது.

பதிலுக்கு நீங்கள் குனிந்துவிடாதீர்கள், அம்மா.

உங்கள்
சின்ன மகள்